சலுகை ஏறிய வீடு

பொத்தையூர் நகராட்சியின் வீட்டுவரிக் கணக்கில் கால்பங்கு சலுகை ஏறிய அன்று மதியம், கீழரத வீதிக்குப் பின்னால் இருக்கும் வாணியர் சந்தில், செண்பகவடிவின் வீட்டுக் கக்கூஸ் காணாமல் போனது. இடியவில்லை, சரியவில்லை, புழுதிகூடக் கிளம்பவில்லை. அவள் முன்கட்டில் பீடித்தட்டை மடியில் வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்சுவர், அசைபோட்டபடி நடக்கும் எருமையைப் போல அவசரமே இல்லாமல் உள்ளே நகர்ந்து வந்து, பின்கட்டையும் அதன் ஓரத்தில் இருந்த கக்கூஸையும் வழியில் கிடந்த ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு, நேற்றும் முந்தாநாளும் அங்கேதான் நின்றதைப் போல நின்றுகொண்டது. அதன் மேல் போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு இருந்தது. ஆணி இருந்தது, ஆணியில் பீடிக் கம்பெனி கொடுத்த காலண்டரும் தொங்கியது. அவள் புருஷன் ஆவுடையப்பன் அப்போதுதான் கைகளை ஊன்றி நகர்ந்து கதவு இருந்த இடத்துக்குப் போயிருந்தான். கதவுக்கு நீட்டிய கை சுவரில் பட்டது. சுவர் வெயிலில் நின்ற சுவரைப் போலச் சூடாக இருந்தது.

"ஏட்டி வடிவு," என்று அவன் கூப்பிட்டான். "கதவ எங்க வச்ச?"

அந்தக் கக்கூஸ் வந்த கதை இது. ஆவுடையப்பன் பெயின்டர். நகராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு வெள்ளையடிக்க ஏறியவன் சாரம் முறிந்து விழுந்தான். ஒரு கால் முழங்காலுக்கு மேலே போயிற்று, இன்னொன்று இருக்கிறது, ஆனால் நிற்க உதவாது. கான்ட்ராக்டரைக் கேட்டால், தொட்டி நகராட்சியுடையது, அங்கே கேளுங்கள் என்றார். நகராட்சியைக் கேட்டால், ஆள் கான்ட்ராக்டருடைய ஆள், அங்கே கேளுங்கள் என்றார்கள். கேட்டுக்கேட்டு நடந்த அந்தக் காலம் முழுக்க, காலையில் ஒருமுறையும் வேண்டும்போதெல்லாமும், புருஷனைத் தூக்கி உட்காரவைத்து, கழுவி, தூக்கிக்கொண்டு வந்தவள் செண்பகவடிவு. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். குறைவாகச் சாப்பிட்டால் குறைவாகப் போக வேண்டியிருக்கும் என்று கணக்குப் பண்ணி, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டான். அதைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் அவள் பீடிக் கம்பெனியில் முன்பணம் வாங்கி, நாற்காலி போல உட்காருகிற கக்கூஸ் ஒன்றைக் கட்டினாள். இரண்டு பக்கமும் பஸ்ஸில் இருப்பதைப் போலப் பிடித்துக்கொள்ளக் குழாய்கள் பதித்தாள். எந்த உயரத்தில் பதிப்பது என்று ஆவுடையப்பனே கையை வைத்துக் காட்டினான். சிமென்ட் காய்ந்த அன்று அவன் தானாக நகர்ந்து உள்ளே போனான், கதவைச் சாத்தினான், உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டான். வெளியே நின்ற அவள் அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய், அன்று இரண்டு ஆள் சோற்றுக்கு அரிசி களைந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம், நகர்மன்றக் கூட்டத்தில், ஊனமுற்றவர் இருக்கிற வீடுகளுக்கு வீட்டுவரியில் கால்பங்கு சலுகை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கவுன்சிலர் வேலாண்டி சந்து முனையில் பிளெக்ஸ் வைத்தார். அதில் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. செண்பகவடிவு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் போட்டோவும் வைத்து மனுக் கொடுத்தாள். பிறகு சலுகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவரக் கிளம்பினாள்.

பங்குனி வெயிலில் போய்க் கேட்டாள். ஆனியில் சாரல் அடிக்கும்போது போய்க் கேட்டாள். ஐப்பசியில் அலுவலக வாசலில் தண்ணீர் கட்டி நின்றபோது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கேட்டாள். போகும்போதெல்லாம் முதலில் டோக்கன் எடுக்க வேண்டும். அது புது ஆணையாளர் கொண்டுவந்த ஒழுங்கு. ஆணியில் கோத்த தகர வில்லைகளில் நம்பர் இருக்கும். எடுத்தவர் எடுத்த வரிசையில்தான் பேசலாம். 'யாராக இருந்தாலும் டோக்கன், டோக்கன் இல்லாமல் எந்தப் பணியும் நடைபெறாது' என்று ஆணையாளர் குணசீலன் கையெழுத்தோடு ஒரு பலகையும் தொங்கியது. செண்பகவடிவு விடிந்தும் விடியாமலும் பீடி சுற்றிவிட்டு ஓடி வருகிறவள், முதல் வில்லை பெரும்பாலும் அவளிடம்தான் இருக்கும்.

"தங்கப்பழம் சார், சலுகை ஏறியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வரிவசூல் கவுன்டரில் இருந்த பில் கலெக்டர் தங்கப்பழம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். "ஏறும்க்கா," என்பார் ஒவ்வொரு தடவையும், அப்போதுதான் முதல் தடவை சொல்கிறவரைப் போல. "ஏறாம எங்க போகுது?"

உண்மை என்னவென்றால் ஏறுவதற்கு வழி இல்லை. தீர்மானம் போட்டவர்கள் கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டுப் போடவில்லை. வரி போடுகிற அந்தக் கம்ப்யூட்டரில் சலுகைக்கென்று ஒரு கட்டம் கிடையாது. தொகையைத் தொட அது விடாது. வீட்டின் சதுர அடியை மாற்ற மட்டும் விடும், அதுவும் குறைக்கத்தான். கூட்ட வேண்டுமென்றால் ஆணையாளர் வந்து பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். கடைசியில் ஒருநாள், அவள் கேட்ட கேள்வி காதில் விழாமல் ஒரு காலையாவது காப்பி குடிக்க வேண்டும் என்ற ஆசையிலோ, பாவம் என்றோ, தங்கப்பழம் ஒரு வழி கண்டுபிடித்தார். வரி கால்பங்கு குறைய வேண்டும், அவ்வளவுதானே. வீட்டின் அளவில் கால்பங்கைக் கழித்தார். வரி குறைந்தது. திருப்தியோடு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார். அவர் தூக்குவாளியைத் திறந்த நேரத்தில்தான் வாணியர் சந்தில் சுவர் நகர்ந்தது.

மறுநாள் அவள் வந்ததும் அவர் முகம் மலர்ந்து, "ஏறிட்டுக்கா! கண்ணால பாத்துக்கிடுங்க," என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

"என் கக்கூஸ் எங்க?" என்றாள் செண்பகவடிவு.

தங்கப்பழம் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். நீளம் பிடித்தார், அகலம் பிடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். வீடு அவர் கம்ப்யூட்டரில் அடித்த அளவில், ஓர் அங்குலம் கூடாமல் குறையாமல் நின்றது. ஆவுடையப்பன் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தங்கப்பழம் எழுந்து போய் ஆணையாளரிடம் சொன்னார். ஆணையாளர் குணசீலன் படித்தவர், வெளியூர்க்காரர், எழுத்தில் இல்லாததை நம்பும் வழக்கம் இல்லாதவர். அவர் கையெழுத்திட்ட பதில் வந்தது: பதிவேட்டில் உள்ள அளவும் களத்தில் உள்ள அளவும் பொருந்துகின்றன, எனவே கட்டடம் எப்போதும் இப்படியேதான் இருந்துள்ளது, சலுகை ஏற்றுவதால் கட்டடங்களுக்கு எதுவும் ஆவதில்லை. செல்போனிலும் ஒரு செய்தி வந்தது: தங்கள் குறை தீர்க்கப்பட்டது.

வழி தெரிந்துவிட்டால் ஆபீஸ் நிற்காது. அந்த மாதத்துக்குள் மனுக் கொடுத்த அத்தனை வீட்டுக்கும் அதே முறையில் சலுகை ஏறியது, அத்தனை வீட்டிலும் கால்பங்கு போயிற்று. எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றாலும் போன பிறகு பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிந்தது. யாருக்காகச் சலுகையோ அவருக்கு எது இல்லாமல் முடியாதோ அது போயிருந்தது. கண் தெரியாத ஏசுவடியான் வீட்டில், கட்டிலில் இருந்து வாசல்வரை அவர் கையால் தடவிக்கொண்டு போகும் சுவர் போயிற்று. காது கேளாத தம்பதி வீட்டில், ஆள் வந்தால் நிழல் விழுந்து தெரியப்படுத்தும் முன் ஜன்னல் போயிற்று. போலியோவில் கால் சூம்பிய தையல்காரி பிச்சம்மாள் வீட்டில் வாசல் சரிவு போய், அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு படி நின்றது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மின்வெட்டை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டது. முதல் வாரம் பார்க்க வந்தார்கள், சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், அளந்தார்கள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரண்டாம் வாரம் வாடகைத் தரகர்கள் 'முக்கால் வீடு, தண்ணீர் வசதி உண்டு' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர், போன மூலை எப்படியும் ஆகாத மூலைதான் என்று சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்சிணை வாங்கினார். கல்யாணத் தரகர் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லும்போது 'சலுகை ஏறாத வீடு' என்பதை மாப்பிள்ளையின் படிப்புக்கு முன்னால் சொன்னார். முக்கால் வீட்டுக்குத் தக்கபடி கட்டில்களின் காலை வெட்டித் தரத் தச்சர்கள் தெருவில் கூவிக்கொண்டு போனார்கள். ஏசுவடியான் வாசலுக்குப் போகும்போது மனைவி முன்னால் நடந்து கைதட்டிக்கொண்டே போனாள், அவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். சந்துப் பிள்ளைகள் அதையே ஒரு விளையாட்டாக்கிவிட்டன. பழைய அளவைத் திரும்பப் போடச் சொல்லி மனுக் கொடுத்தவர்களிடம், ஆணையாளர் பெருவிரல் வைக்கச் சென்னையில் இருந்து அரசாணை வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"முக்கால் வீடுன்னா முக்கால்வாசி பெருக்குனாப் போதும்லா," என்று கவுன்சிலர் வேலாண்டி வந்து சிரித்தார். "ஆவுடையப்பா, கொடுத்து வச்ச ஆளுவே நீரு. உம்ம பொண்டாட்டிக்கு வேல மிச்சம்."

"நீரு வேண்ணா எங்க வீட்டுலயே இருந்துக்கிடும்," என்றான் ஆவுடையப்பன். "ஒருநா இரும். ஒரே ஒருநா. காலையில இட்லி தின்னுட்டு இரும்."

வேலாண்டிக்கு வேறு ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்க வேண்டியிருந்தது ஞாபகம் வந்தது.

செண்பகவடிவுக்கு ஆத்திரம் ஆணையாளர்மேலும் இருந்தது, ஊர்மேலும் இருந்தது, சில நாள் ஊர்மேல்தான் கூட இருந்தது. "உங்களுக்கெல்லாம் கோவமே வராதா?" என்று அவள் குழாயடியில் கேட்டாள். "என்னத்தப் பண்ண, எல்லாருக்குந்தான போயிருக்கு," என்றார்கள். எல்லோருக்கும் போனால் அது நஷ்டம் இல்லை என்று அவர்களுக்கு யாரோ சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்ததைப் போல, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பாத்துமுத்துவுக்கு மட்டும் சலுகை இல்லை, அதனால் அவள் வீடு முழுசாக இருந்தது. அவள் மகன் மைதீன் கறிக்கடையில் வேலைபார்க்கிறவன், அரை ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன். காலையில் அவன் வந்து ஆவுடையப்பனைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கக்கூஸில் உட்காரவைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பிடித்துக்கொள்ளக் குழாய் பதித்திருக்காததால் தாங்க ஆள் வேண்டும், ஆள் நிற்பதால் கதவைச் சாத்த முடியாது. "அண்ணன நான் என்ன எட போட்டு விக்கவா தூக்குதேன், சும்மா தோள்ல கெடங்க," என்று மைதீன் விளையாட்டாகச் சொல்வான். ஆவுடையப்பன் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். ராத்திரி தட்டில் வைத்த சோற்றில் அவன் பாதியை ஒதுக்கிவைப்பதைச் செண்பகவடிவு பார்த்தாள். அடுத்த வாரம் முழுத்தட்டையும் தள்ளினான்.

"பசிக்கல."

"எனக்கு எல்லாந் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேக்க?" என்றான். "அந்த ஆபீசுக்கு இனிமே போவாத வடிவு. போயிப் போயித்தான் இது வந்துது. சலுகை ஏறலன்னா ஏறலன்னு விட்டிருந்தா என் கதவு எனக்கு இருந்திருக்கும்."

அது அவளுக்குத் தைத்தது. அவன் சொன்னது உண்மைதான் என்பதாலேயே தைத்தது.

இப்படியே ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில்தான் தபால் வந்தது. ஒரே உறையில் இரண்டு கடிதங்கள், இரண்டிலும் ஒரே கையெழுத்து. முதல் கடிதம், மேற்படி கட்டடத்தின் அளவில் எந்தக் குறைவும் ஏற்படவில்லை என்று மறுபடியும் சொன்னது. இரண்டாம் கடிதம், வானத்தில் இருந்து எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் மேற்படி கட்டடத்தின் கால்பகுதி முன்னனுமதி இன்றி அகற்றப்பட்டிருப்பதாகவும், அதற்கு அபராதம் விதிக்கப்படுவதாகவும், அந்த அபராதம் வரியோடு சேர்க்கப்பட்டுள்ளதாகவும் சொன்னது. வரி பழைய இடத்துக்கே வந்திருந்தது. சலுகை ஏறி, வீடு குறைந்து, வரி அப்படியே நின்றது. சந்தில் எல்லா வீட்டுக்கும் அதே உறை வந்தது. எல்லோரும் கட்டினார்கள்.

செண்பகவடிவு கட்டவில்லை. அவள் ஆபீசுக்குப் போனாள், முதல் டோக்கனை எடுத்தாள், வாசல் நிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் செய்யத் தோன்றாமல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டு நிலையிலும் ஊரில் எல்லா வீட்டு நிலையிலும் அடித்திருந்த அதே தகர வரிவில்லை, ஆபீஸ் நிலையிலும் அடித்திருப்பது கண்ணில் பட்டது. ஊரில் கட்டடம் என்றால் நம்பர் அடிக்க வேண்டும் என்று யாரோ உத்தரவு போட, அடிக்க வந்தவன் உத்தரவு போட்ட கட்டடத்தையும் விடாமல் அடித்துவிட்டுப் போயிருந்தான்.

அவள் முறை வந்தது.

"ஏன் சார், இந்த ஆபீசுக்கு வரி உண்டா?"

"அரசுக் கட்டடத்துக்கு என்னத்துக்குக்கா வரி? முழு விலக்கு."

"ஏறியிருக்கா?"

தங்கப்பழத்துக்கு அந்தக் கேள்வியின் சத்தத்தைக் கேட்டே கை தானாக எழுத்துப்பலகைக்குப் போய்விட்டது. பார்த்தார். ஏறவில்லை. கட்டடம் கட்டிய நாளில் இருந்து நகராட்சி தனக்குத்தானே வரிபாக்கி வைத்திருந்தது. இத்தனை காலத்தில் யாரும் கேட்டதில்லை.

"இல்ல," என்றார், குரல் இறங்கிப்போய். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "அக்கா. வேண்டாம்க்கா."

"நான் என்ன சொன்னேன்? பாத்துச் சொல்லத்தான சொன்னேன்."

திங்கள்கிழமை குறைகேட்பு நாள். ஆணையாளர் ஹாலுக்கு வந்து உட்கார்ந்து மனு வாங்குவார். செண்பகவடிவு கொடுத்த மனுவைப் படித்த குணசீலன் இரண்டாம் தடவையும் படித்தார். அவர் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் நகராட்சிக்கு நன்மை கேட்டு ஒருவர் மனுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நகராட்சி அலுவலகக் கட்டடத்துக்கு உரிய முழு வரிவிலக்கு இதுநாள்வரை ஏற்றப்படாததால், உடனே ஏற்றித்தர வேண்டும் என்று அதில் இருந்தது.

"பாருங்க," என்றார் சுற்றி நின்றவர்களைப் பார்த்து. "இதுதான் பொறுப்பான குடிமகள். தங்கப்பழம், உடனே ஏத்துங்க."

தங்கப்பழம் எழுந்து நின்றார். "சார், விலக்குக்குத் தனிக் கட்டம் இல்ல சார். அளவுலதான் கழிக்கணும்."

"கழியுங்க."

"முழு விலக்கு சார். முழுசாக் கழிக்கணும்."

"விதி அதுதானே?"

"வாணியர் சந்துல, சார்..." என்று தங்கப்பழம் இழுத்தார்.

குணசீலன் முகம் இறுகியது. ஹாலில் கூட்டம் இருந்தது. மைதீன் இருந்தான், பாத்துமுத்து இருந்தாள், கைதட்டும் மனைவியோடு ஏசுவடியான் இருந்தார், யாரோ தூக்கிவந்த பிச்சம்மாள் இருந்தாள். எல்லோர் கையிலும் ஒரு தகர வில்லை இருந்தது. செண்பகவடிவு காலையிலேயே வீடுவீடாகப் போய், வராவிட்டால் செத்தாலும் பேச மாட்டேன் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தாள்.

"என்னம்மா," என்றார் ஆணையாளர் மெதுவாக. "ஏத்தினா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?"

"ஒண்ணும் ஆகாது சார்," என்றாள் செண்பகவடிவு. "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீய. ரெண்டு தடவ குடுத்திருக்கீய. ஆகும்னா இப்பவே சொல்லிருங்க, இத்தன பேரு இருக்காவ, எல்லாரும் கேட்டுக்கிடட்டும்."

குணசீலன் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். எழுத்தில் இல்லாததை நம்புகிறவர் இல்லையே அவர்.

"ஏத்துங்க," என்றார்.

தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

சுவர்கள் அவசரப்படவில்லை. நான்கு பக்கச் சுவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்ததைப் போல உள்ளே ஓரடி வந்தன, பிறகு ஆட்களையும் மேஜைகளையும் தொடாமல், வெயிலில் ஈரம் காய்கிற மாதிரி ஓரத்தில் இருந்து காய்ந்துகொண்டே போய் இல்லாமல் ஆயின. கூரை போனது. மாடி போனது. மாடியில் இருந்த பொறியியல் பிரிவு நாற்காலிகளோடு இறங்கி, வருவாய்ப் பிரிவுக்கு நடுவில் அமர்ந்தது, ஒருவர் கையில் இருந்த டீ சிந்தவில்லை. பீரோக்கள் நின்றன. டோக்கன் பலகை வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டது. ஊர் முழுக்கக் கூடி நின்ற அந்த வெட்டவெளியில் மதிய வெயில், இத்தனை நாள் உள்ளே விடாமல் வெளியிலேயே நிறுத்திவைத்திருந்ததைப் போல, ஒரேயடியாக உள்ளே வந்து எல்லோர் தலையிலும் உட்கார்ந்தது.

சிறிது நேரம் ஊழியர்கள் வேலை பார்த்தார்கள். வேறு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, பழக்கத்தில், கழிப்பறை இருந்த மூலைக்கு நடந்து போய், வெறும் மண்ணில் நின்று, திரும்பி வந்தார்கள். குணசீலனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவர் அதிகம் பொறுக்க முடியாதவர். அவர் அறைக்கென்று தனியாக ஒன்று இருந்தது, பளிங்கு பதித்தது. அந்த இடத்தில் இப்போது ஓர் ஆடு நின்று காகிதம் தின்றது.

"தங்கப்பழம்! பழைய அளவைப் போடுங்க. கூட்டுங்க!"

"கூட்டறதுக்கு உங்க பெருவெரல் வேணும் சார்."

"வைக்கறேன்!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒரு வருஷமாக அந்தப் பெருவிரலைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சென்னையில் இருந்து அரசாணை வர வேண்டும், அரசாணைக்குக் குழு அமைக்க வேண்டும், குழுவுக்குப் பரிந்துரை வேண்டும் என்று ஒரு வருஷமாக அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. குழாயடியில் என்னத்தப் பண்ண என்று சொன்னவர்களின் முகத்தில் இப்போதுதான், அந்தப் பெருவிரல் அவருடைய கையிலேயே இவ்வளவு நாளும் இருந்ததைப் பார்த்த பிறகுதான், செண்பகவடிவு தேடிக்கொண்டிருந்த கோபம் வந்தது. மெதுவாக வந்தது. வந்தபிறகு போகவில்லை.

குணசீலன் ரேகை வைக்கும் கருவியை நோக்கி ஓடிவந்தார். செண்பகவடிவு அதன் மேல் தன் தகர வில்லையை வைத்தாள்.

"டோக்கன் சார்."

"என்னது?"

அவள் வேப்பமரத்தைக் காட்டினாள். யாராக இருந்தாலும் டோக்கன் என்று பலகையில் இருந்தது, கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. "ஒண்ணாம் நம்பர் எங்கிட்ட இருக்கு. வாணியர் சந்து. என் வீட்டுப் பழைய அளவு."

"அம்மா, இது அவசரம். புரிஞ்சுக்குங்க. ஆபீசே இல்ல."

"அவசரம்னா என்னன்னு எனக்குத் தெரியும் சார்," என்றாள் செண்பகவடிவு. குரல் உயரவில்லை, அதனாலேயே வெட்டவெளியின் கடைசிவரை கேட்டது. "ஒரு வருசமா ஒரு மனுசன் என் வீட்டுல பசிக்கலன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கான். அது எவ்வளவு அவசரம்னு நான் மனு எழுதிக் குடுத்தேன். தீந்துபோச்சுன்னு போன்ல அனுப்புனீய. வைங்க வெரல."

பின்னால் ஏசுவடியான் தன் வில்லையை உயரத் தூக்கினார். "ரெண்டு!" என்றார். பிச்சம்மாள், "மூணு!" என்றாள். வில்லைகள் உயர்ந்துகொண்டே போயின, கவுன்சிலர் வேலாண்டிகூட எங்கிருந்தோ ஒரு வில்லையைச் சம்பாதித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார்.

"ரொம்ப முட்டுச்சுன்னா எங்க வீட்டுக்கு வாங்க சார்," என்றாள் பாத்துமுத்து, உண்மையான கரிசனத்தோடு. "ஊருக்கே தொறந்துதான் கெடக்கு. மைதீன் தூக்கிட்டு வருவான். கதவு மட்டும் சாத்த முடியாது."

மைதீன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுத் தயாராக நின்றான்.

குணசீலன் விரலை வைத்தார். செண்பகவடிவின் வீட்டுக்கு வைத்தார், ஏசுவடியானின் சுவருக்கு வைத்தார், பிச்சம்மாளின் சரிவுக்கு வைத்தார், வெயில் சாய்கிறவரை, காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, நெற்றி வியர்த்து, கடைசி டோக்கன்வரை வைத்தார். அதற்குப் பிறகுதான் ஆபீஸின் முறை வந்தது. அதன் பழைய அளவு யாருக்கும் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அழித்த தங்கப்பழம் அதைக் குறித்துவைத்திருக்கவில்லை. குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டார்கள். கட்டடம் திரும்பி வந்தது, ஏறக்குறைய முழுசாக. ஆணையாளர் அறையை ஒட்டியிருந்த பளிங்குக் கழிப்பறை மட்டும் வரவில்லை. அவர் இன்றுவரை பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பிடத்துக்குத்தான் போகிறார். அங்கே சில்லறை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

செண்பகவடிவு அதை எல்லாம் பார்க்க நிற்கவில்லை. தன் வீட்டுக்கு விரல் விழுந்ததும் கிளம்பிவிட்டாள். வீட்டு வாசலில் கால் வைத்தபோது பின்சுவர் தன் பழைய இடத்துக்குப் போய் நின்றிருந்தது. பின்கட்டில் வெளிச்சம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் போன வாளி தண்ணீரோடு இருந்தது. ஆவுடையப்பன் நடு அறையில் இல்லை. கைகளை ஊன்றி நகர்ந்துபோன தடம் தரையில் இருந்தது, கக்கூஸ் கதவுக்கு முன்னால் அது முடிந்தது. கதவு சாத்தியிருந்தது. அவள் கூப்பிட வாயெடுத்தாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு போய் அரிசி களைந்தாள், இரண்டு ஆளுக்கு.

அபராதத்தைத் தள்ளுபடி செய்ததாக அடுத்த வாரம் கடிதம் வந்தது. வரி முழுசாகவே இருந்தது. வீட்டைக் குறைக்காமல் வரியைக் குறைக்க இன்னும் வழி பிறக்கவில்லை. வடிவு, போதும் விடு என்று ஆவுடையப்பன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் தட்டில் இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "எப்பப் போற?" என்றான்.

மறுநாள் காலை அவள் போனாள். முதல் டோக்கனை எடுத்தாள். வரிசையில் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். எழுத்தர்கள் கோப்புகளைக் கைக்கு அருகில் இழுத்துவைத்துக்கொண்டார்கள்.

"தங்கப்பழம் சார்," என்றாள். "சலுகை ஏறியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

தங்கப்பழம் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அது இருந்தது. பிறகுதான் திரையைப் பார்த்தார்.